வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா?

கடலூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் தவிர்த்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவரும் அவருடைய கணவரும் பல ஆண்டுகளாக முந்திரி வியாபாரம் செய்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் கடையும், பண்ருட்டி சாலையில் தரம் பிரித்துப் பொட்டலம் கட்டும் குடோனும் இருக்கின்றன. தொழில் இவர் பெயரில் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவும் உண்டு. கடந்த நிதியாண்டின் விற்றுமுதல் ஒன்றேகால் கோடி ரூபாய். சம்பளப் பட்டியலில் ஏழு பேர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இன்னும் இரண்டு பெண்கள் பொட்டலம் கட்ட வருவார்கள். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் தொடங்கிய சில்லறை விற்பனை இன்று கடை விற்பனைக்குச் சமமாக வளர்ந்துவிட்டது. அதனால் இரவு பதினொரு மணி வரை வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலையும், கணக்கு எழுதும் வேலையும், புதுப் பொட்டலங்களுக்குப் படம் எடுத்துப் போடும் வேலையும் இவர் ஒருவர் தலையிலேயே விழுகின்றன.

இந்தச் சுமையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க நினைக்கிறார். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல, புதுச்சேரி லாஸ்பேட்டையில் கைக்குழந்தையுடன் வீட்டில் இருக்கும் ஒரு பி.காம். பட்டதாரிப் பெண்; காலை பத்து முதல் மாலை ஆறு வரை வேலை, மாதம் 14,000 ரூபாய். கணக்கையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் பார்க்க, சிதம்பரத்தில் பல கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் ஒருவர். பொட்டல வடிவமைப்புக்கும் படங்களுக்கும் இணையதளத்துக்கும், திருநெல்வேலியில் இருக்கும் ஓர் இளைஞர். மூவரையுமே 'ஃப்ரீலான்சர்' என்று எழுதிவிட்டால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., விடுப்பு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளவும், வேலையை விட்டபின் மூன்று ஆண்டுகளுக்கு வேறு எந்த முந்திரி வியாபாரியிடமும் சேரக்கூடாது என்று எழுதி வாங்கவும், அந்தப் பெண்ணின் கணினித் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் பிடிக்கும் மென்பொருளைப் போடவும் அவரே யோசனை சொல்லியிருக்கிறார். இதற்கிடையே, போன ஆண்டு சென்னையில் ஒருவருக்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து இணையதளம் செய்யச் சொன்னதும், அவர் பாதி வேலையோடு நிறுத்திவிட்டதும், தளத்தின் முகவரி இன்னும் அவர் பெயரிலேயே இருப்பதும் இவர் மனதை உறுத்துகின்றன. "போலீசில் புகார் கொடுக்கலாமா? இனி வெளியாட்களை நம்பலாமா?" என்று முடிக்கிறார்.

சகோதரி, நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நீங்கள் சொல்லும் மூன்று வேலைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மூன்றையும் ஒரே பெயரில் எழுத முயல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சிதம்பரத்துக் கணக்காளர் பல கடைகளுக்கு வேலை செய்கிறார்; தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்கிறார்; தன் கணினியையே பயன்படுத்துகிறார். திருநெல்வேலி இளைஞர் ஒவ்வொரு வேலையாக முடித்துக் கொடுத்து அதற்கான பில்லைத் தருகிறார். இவர்கள் இருவரும் உண்மையிலேயே ஒப்பந்தக்காரர்கள். லாஸ்பேட்டைப் பெண் அப்படி அல்ல. அவர் எத்தனை மணிக்கு உட்கார வேண்டும், என்ன பதில் எழுத வேண்டும், எந்த விலையைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது நீங்கள். மாதச் சம்பளம் கொடுப்பதும் நீங்கள். உங்கள் கடையின் குரலாகவே நாள் முழுவதும் அவர் பேசப் போகிறார். ஒப்பந்தத்தின் தலைப்பில் எந்தப் பெயரை எழுதினாலும் சட்டத்தின் பார்வையில் அவர் உங்கள் ஊழியர்.

வீட்டில் இருந்தால் ஊழியர் ஆகமாட்டாரா?

கண்முன்னே உட்கார்ந்து வேலை செய்பவர்தான் ஊழியர் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நம் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தீர்த்துவிட்டன. 1973ஆம் ஆண்டின் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், தைத்த துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய, சில சமயம் துணியை வீட்டுக்கே எடுத்துச் சென்று தைத்த தையற்காரர்களையும் கடையின் ஊழியர்கள் என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1985இல் பி.எம். படேல் அண்டு சன்ஸ் வழக்கில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. முதலாளி அவர்கள் வீட்டுக்குப் போய் மேற்பார்வை செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் சுற்றிக் கொண்டுவந்த பீடி சரியில்லை என்றால் தள்ளிவிடும் உரிமை அவரிடம் இருந்தது; அந்த உரிமையே போதுமான கட்டுப்பாடு என்றது நீதிமன்றம். பீடி சுற்றிய பெண்ணுக்குப் பொருந்திய நியாயம், மடிக்கணினியில் உங்கள் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் பெண்ணுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

'ஃப்ரீலான்சர்' என்று எழுதிவிட்டால் செலவு மிச்சம் என்பது தவறான கணக்கு. நாளை அவர் வேலையை விடும்போதோ, மகப்பேற்றின்போதோ, தொழிலாளர் துறையில் ஒரு மனு போட்டால், தாளில் உள்ள தலைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள்; உங்கள் வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கிக் கணக்கையும்தான் பார்ப்பார்கள். அப்போது நிலுவை, வட்டி, அபராதம் என்று மொத்தமாக வரும்.

அவரை ஊழியராக ஏற்றுக்கொண்டால் என்ன பொறுப்பு வரும் என்பதையும் பார்த்துவிடுவோம். நீங்கள் அஞ்சும் அளவுக்கு அது பெரியதல்ல. பி.எஃப். பொதுவாக இருபது பேர் உள்ள நிறுவனத்துக்குத்தான் கட்டாயம்; இப்போதைக்கு அந்தக் கேள்வி உங்களுக்கு இல்லை. ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரில் தொடங்குகிறது. உங்களிடம் ஏழு பேர். இந்தப் பெண்ணைச் சேர்த்தால் எட்டு. தீபாவளிக்கு வரும் இரண்டு பேரையும் சேர்த்தால் பத்து! தற்காலிகமாக வருபவர்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும் எண்ணிக்கையில் சேருவார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருமுறை அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், பண்டிகை முடிந்து ஆட்கள் குறைந்தாலும் பொறுப்பு தொடரும். எனவே இந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசி ஈ.எஸ்.ஐ. பதிவுக்குத் தயாராகிவிடுங்கள். தொகையைக் கேட்டால் மலைக்க மாட்டீர்கள்: 14,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். ஊழியரின் பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். குடோனில் நின்றுகொண்டே வேலை செய்யும் உங்கள் பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இதன்மூலம் மருத்துவ வசதி கிடைக்கும். இதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்து என்ற அதே எண்ணிக்கையில் பணிக்கொடை, மகப்பேற்றுப் பலன், பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு ஆகியவையும் வருகின்றன. பத்துக்குக் கீழே இருந்தால் அத்தகைய புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கடை எண்ணுக்கு இரவில் ஆபாசச் செய்தி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். இனி அதைப் படிக்க வேண்டியவர் அந்தப் பெண். அவருடைய சொந்த எண் எந்த வாடிக்கையாளருக்கும் போகாமல் இருப்பதும், அப்படிப்பட்ட எண்ணை உடனே தடை செய்ய அவருக்கு முழு அதிகாரம் இருப்பதும் உங்கள் கடமை.

சம்பளத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஊதியத்துக்கான தொகுப்பு, எத்தனை பேர் வேலை செய்தாலும் பொருந்தும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல், அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்காமல் நிறுத்த முடியாது என்றும் சொல்கிறது. புதுச்சேரிக்குத் தனியாக 1964ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியமும் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு. எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, இரண்டில் எது ஊழியருக்கு மேலானதோ அதைக் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு ஊர்த் தொழிலாளர் அலுவலகங்களிலும் தற்போதைய தொகையைக் கேட்டு, 14,000 அதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள். அங்கே விடுமுறை, கடலூரில் வேலைநாள். தீபாவளி நெருக்கத்தில் வரும் அந்த நாளில் அவருக்கு விடுப்பு உண்டா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

புதுச்சேரி வேறு மாநிலக் கணக்கு என்பதால் அங்கேயும் ஜிஎஸ்டி பதிவு வேண்டுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதுவதற்காகத் தனிப் பதிவும் தேவையில்லை. ஆனால் புதுச்சேரி வாடிக்கையாளர்களுக்கு அன்றே கொடுக்க வசதி என்று அவர் வீட்டில் இருபது கிலோ முந்திரிப் பருப்பை இறக்கி வைத்தீர்களானால், அது சரக்கு வைக்கும் இடமாகிவிடும். அப்போது புதுச்சேரியில் பதிவு செய்ய வேண்டிவரும். அதை இப்போதைக்குச் செய்யாதீர்கள்.

கணக்கை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையது

சிதம்பரத்துக் கணக்காளர் ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உங்கள் பதிவின் மீதுதான் விழும். "கணக்குப்பிள்ளை மறந்துவிட்டார்" என்பதை அதிகாரி காரணமாக ஏற்க மாட்டார். ஆகவே மாதம் முடிந்ததும் எந்தத் தேதிக்குள் பில்கள் அவர் கைக்குப் போக வேண்டும், எந்தத் தேதிக்குள் வரித்தொகையை அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும், ரிட்டர்ன் போட்டதற்கான ஒப்புகையை எப்போது அனுப்ப வேண்டும் என்ற மூன்று தேதிகளை எழுதி வையுங்கள். கட்டணத்தை அந்த ஒப்புகை வந்தபின் கொடுங்கள்.

வங்கியின் ஓடிபி உங்கள் கைப்பேசிக்கு மட்டுமே வர வேண்டும். கணக்குப் பார்க்க மட்டும் முடிகிற, பணம் அனுப்ப முடியாத அனுமதியை வங்கியில் கேட்டு வாங்கலாம். அல்லது மாத அறிக்கையை நீங்களே இறக்கி அனுப்பலாம். டிஜிட்டல் கையொப்பக் கருவியை அவர் மேசை இழுப்பறையில் விட்டுவைக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்து வைப்பதற்குச் சமம்.

இன்னொன்று. உங்கள் விற்றுமுதல் முந்தைய ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டிவிட்டதால், இவ்விருவருக்கும் கொடுக்கும் பணத்தில் வருமான வரிப் பிடித்தம் செய்யும் கடமை உங்களுக்கு வந்துவிட்டது. ஒப்பந்த வேலை என்றால் ஒரே தடவையில் 30,000 அல்லது ஆண்டில் 1,00,000 ரூபாயைத் தாண்டும்போது தனிநபருக்கு 1 சதவீதம். தொழில்முறைச் சேவை என்றால் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம். யாருடைய வேலை எந்த வகை என்பதை ஆடிட்டர் முதல் பில்லுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 1 ஏப்ரல் 2026 முதல் நடைமுறைக்கு வருவதால் பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய மாதிரித் தாள்களை அப்படியே நகல் எடுக்க வேண்டாம்.

அவர்களுடைய பக்கத்தையும் பாருங்கள். கணக்காளரோ வடிவமைப்பாளரோ உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாதபோது 15 நாட்களுக்குள்ளும், குறிப்பிட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் நீங்கள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு இது. உங்களிடம் சரக்கு வாங்கிவிட்டுப் பணம் இழுத்தடிப்பவர்கள் மீது நீங்களும் இதையே பயன்படுத்த முடியுமா என்பதை உங்கள் உத்யம் பதிவை வைத்து ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பொட்டலத்தின் படம் யாருக்குச் சொந்தம்?

பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் தனக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு முதலாளியே முதல் உரிமையாளர். வெளியாள் என்றாலும், நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம் உங்களுடையது. ஆனால் அதே வெளியாள் வரைந்த பொட்டல வடிவமும், இணையதளத்துக்காக எழுதிய நிரலும், பொருள் விளக்கமும், எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவருடையவை. மாற்றித் தரும் தாளில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்று சட்டம் பொருள் கொள்ளும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பும் எண்ணம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். எனவே "பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் திருநெல்வேலி இளைஞர் கையெழுத்திடும் தாளில் இருக்க வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்புகளையும் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வாங்கிவிடுங்கள். அச்சுக்குப் போகும் இறுதிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாளை எடையையோ விலையையோ மாற்ற முடியாது.

தள முகவரி, தளம் தங்கியிருக்கும் இடம், சமூக ஊடகக் கணக்குகள், கடையின் மின்னஞ்சல் எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில், உங்கள் பணத்தில் தொடங்கப்பட வேண்டும். வேலை செய்பவருக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள். உரிமையைக் கொடுக்க வேண்டாம்.

சான்றிதழ், மூன்று ஆண்டுத் தடை, திரைப் படம்

அசல் சான்றிதழ்களை வாங்கி வைக்காதீர்கள். நகலை வாங்கி அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒருவரின் படிப்பைப் பிணையாக வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

வேலையை விட்டபின் வேறு முந்திரி வியாபாரியிடம் சேரக்கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியை விட்டால் வேறு எங்கே ஒருவர் வேலை தேடுவார்? உங்களிடம் வேலை பார்க்கும் காலத்தில் போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்பது செல்லும். வாடிக்கையாளர் பட்டியலையும் கொள்முதல் விலையையும் வெளியே சொல்லக்கூடாது, எடுத்துச் செல்லக்கூடாது என்பதும் வேலை முடிந்த பிறகும்கூடச் செல்லும். உங்களுக்கு உண்மையில் தேவையானது இதுதான்; ஆகவே எவையெல்லாம் இரகசியம் என்று பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

தாளில் எழுதுவதோடு வேலையின் அமைப்பிலும் இதைச் செய்யலாம். கடை எண்ணுள்ள சிம்மும் முதன்மைக் கைப்பேசியும் கடலூரிலேயே உங்களிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். அந்தப் பெண்ணின் மடிக்கணினியை அப்படி இணைத்துக் கொடுங்கள். அவர் வேலையை விடும் நாளில் உங்கள் கைப்பேசியிலிருந்தே அந்த இணைப்பைத் துண்டித்துவிடலாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடுகிறது. அதன் விதிகள் நவம்பர் 2025இல் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எண் ஆகியவற்றை வெளியாள் ஒருவர் கையாண்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முகவரிப் பட்டியலை எக்செல் கோப்பாக மூவருக்கும் அனுப்பி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். வடிவமைப்பாளருக்கு அது தேவையே இல்லை.

திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள் வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. குழந்தை இருக்கும் வீட்டில், அவருடைய சொந்தக் கணினியில், அவருடைய சொந்தச் செய்திகளும் வங்கிக் கணக்கும் அதில் சேர்ந்தே பதிவாகும்; அதைச் சேமித்து வைத்த பொறுப்பு உங்கள் தலையில் வரும். எத்தனை செய்திகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் போயிற்று, எத்தனை ஆர்டர் தவறாகப் பதிவாயிற்று என்று பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை பத்து உரையாடல்களை இருவரும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.

எதில் தொடங்குவது

மூவரையும் ஒரே மாதத்தில் சேர்க்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு வேலையை, முடிவு கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய வேலையை, வெளியே கொடுங்கள். புதிதாக வரும் மசாலா முந்திரிப் பொட்டலம் ஒன்றுக்கான வடிவமும் ஆறு படங்களும் அதற்குப் பொருத்தம். தவறினாலும் இழப்பு சிறியது, அன்றாட வியாபாரம் நிற்காது. தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது ஒரு சிறு பகுதி, முதல் வடிவம் ஏற்கப்பட்டதும் ஒரு பகுதி, மூலக் கோப்புகளும் உரிமைத் தாளும் கைக்கு வந்ததும் மீதி. முப்பதாயிரம் ரூபாய்ப் பிணக்குக்குத் திருநெல்வேலியிலோ கடலூரிலோ வழக்கு நடத்துவது கட்டுப்படியாகாது. எந்த நேரத்திலும் எதிராளி கையில் நிற்கும் பணம் சிறியதாக இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. வழக்கு வந்தால் கடலூர் நீதிமன்றங்களில் என்று எழுதலாம், ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாவது அங்கே நடந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் பேசி ஒப்புக்கொண்டதும் ஒப்பந்தமே என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. என்றாலும் உரிமையை மாற்றித் தரும் தாளை உரிய முத்திரைத்தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள்.

கணக்கு வேலையை நிதியாண்டின் நடுவில் மாற்றினால் இரண்டு பேர் கணக்கும் குழம்பும், ஏப்ரலில் மாற்றுங்கள்.

லாஸ்பேட்டைப் பெண்ணைக் கடைசியாக, ஆனால் தீபாவளிக்கு வெகு முன்னதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் இரண்டு நாளாவது, போக்குவரத்துச் செலவைக் கொடுத்து, அவரைக் குடோனுக்கு வரவழையுங்கள். "240 இருக்கா, 320தான் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண், எண் கூடக்கூடப் பருப்பு சிறிது என்பது அவருக்குக் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும். முழுப்பருப்பும் பாதிப்பருப்பும் ஒரே சுவை, பாயசத்துக்குப் பாதியே போதும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் உங்கள் வாடிக்கையாளரைத் தக்க வைப்பார். இதைத் தொலைபேசியில் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த நாட்களுக்கும், 'சோதனைக் காலம்' என்று நீங்கள் சொல்லும் முதல் மாதத்துக்கும் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாத சோதனைக் காலம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. தள்ளுபடி கொடுப்பது, கெட்டுப்போன பொட்டலத்துக்குப் பணம் திருப்பித் தருவது ஆகியவற்றில் எந்தத் தொகை வரை அவரே முடிவு செய்யலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் அழைப்பார். இரவு பதினொரு மணி வேலை மறுபடி உங்களிடமே வந்து சேரும்.

நம் கரையில் இருப்பவர்கள் மழையையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் நம் முந்திரித் தோப்புகளை என்ன செய்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, மின்சாரமும் இணையமும் இல்லாமல் பல பகுதிகள் தவித்தன. அப்படிப்பட்ட நாளில் பதில் எழுதவில்லை என்பதற்காகச் சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம், அன்று கடலூரில் யார் செய்திகளைப் பார்ப்பார்கள், இரண்டு ஊரிலும் இணைப்பு இல்லாவிட்டால் தானாகப் போகும் பதில் என்ன என்று மூன்று வரி எழுதினால் போதும்.

அந்த 40,000 ரூபாய்

கடைசியாக உங்கள் பழைய கசப்புக்கு வருகிறேன். பணம் வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றம். அவர் பாதி வேலை செய்து கொடுத்திருக்கிறார்; ஆகவே போலீசார் இதை ஒப்பந்த மீறல், சிவில் விவகாரம் என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். நுகர்வோர் ஆணையமும் உகந்த இடமல்ல. வியாபாரத்துக்காகப் பெற்ற சேவை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சிவில் வழக்குக்கு, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ஆனால் வழக்குக்கு முன்பே ஒரு வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுவாக இதைக் கொடுக்கலாம். மனுவில் முழுப் பணத்தையும் கேட்டு நிற்காதீர்கள். தள முகவரியை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதையும், உள்ளே நுழையும் கடவுச்சொற்களையும் முதலில் கேளுங்கள். செய்யாத வேலைக்கான தொகையை அடுத்துக் கேளுங்கள். முகவரி உங்களுக்குப் பணத்தைவிட மதிப்புள்ளது, அவருக்கோ அதை விட்டுக்கொடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை. ஆகவே அதில் உடன்பாடு எளிதில் வரும். அந்த முகவரியின் ஆண்டுக் கட்டணம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இந்த வாரமே பாருங்கள். யாரும் கட்டாமல் காலாவதியானால் வேறொருவர் அதை வாங்கிவிட முடியும். பணம் அனுப்பிய வங்கி விவரம், பேசிய வாட்ஸ்அப் செய்திகள், அவர் கொடுத்த விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அச்செடுத்து, மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.